இடுப்பு மடக்கித் தசைகளின் நோவு: காரணமும் பரிகாரமும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எப்பொருளை எடுத்துக்கொள்வதென யாம் சிறிது மயங்கினோம். இலக்கியம், சமயம், தலவரலாறு முதலியவற்றை எழுதவல்ல பெரியோர் எம்மிற் பலர் உளர். யாமோ பல்லாண்டுகளாக இயன்மருத்துவத் தொழிலில் ஈடுபட்டு, நொண்டி வருவோரை நேரே நடந்து செல்லச் செய்வதையே கடமையாகக் கொண்டுள்ளோம். ஆதலின் மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் வாழும் எம்மவரை அடிக்கடி வருத்துவதும், பெரும்பாலும் பிழைபடவே விளங்கிக்கொள்ளப்படுவதுமான ஒரு நோவைப்பற்றி எழுதத் துணிந்தோம். தொடையும் வயிறும் சந்திக்குமிடத்தில், இடுப்பின் முன்புறத்தே எழும் நோவே அது. கவட்டு நோ என்றும், நரம்பு பிரண்டுவிட்டது என்றும் எம்மவர் கூறுவது பெரும்பாலும் இதனையே.

இந்நோவு எமக்கு நூலறிவாக மட்டும் வந்ததன்று. யாம் 16 வயது மாணவனாயிருந்த காலத்தில், ஓர் உதைபந்தாட்டப் போட்டிக்குச் சில நாள் முன்னர், மைதானத்திற் பந்தை முழுப்பலத்துடன் உதைத்தபோது தொடையின் மேற்புறத்தில் ஏதோ தெறித்தாற்போன்ற ஓர் உணர்ச்சி தோன்றிற்று. அணியிலிருந்து நீக்கப்பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தால் அதனை ஒருவருக்கும் கூறினோமல்லோம். வீட்டில் நல்லெண்ணெயைச் சுடவைத்து அழுத்தித் தேய்த்தனர். வீக்கமும் நோவும் பெருகின. போட்டியில் விளையாடவும் முடியவில்லை. அதன்பின் மூன்று மாதம் நேரே நடக்கவும் முடியவில்லை. பல ஆண்டுகள் கழிந்து, தொழிற்பயிற்சி பெறுங் காலத்தில், வேறொரு காரணத்துக்காக எடுத்த ஊடுகதிர்ப் படத்தில், எமது இடுப்பென்பின் முன்னே ஒரு புடைப்பு இருப்பதைக் கண்டபோதுதான் அன்று நிகழ்ந்தது யாதென விளங்கிற்று. தசை பற்றியிருந்த என்பின் ஒரு துணுக்கு அன்று பெயர்ந்துபோயிருந்தது. இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர் எவரும் அவ்வாறு மறைத்து வருந்தலாகாது என்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும்.

தசைகளின் அமைப்பு

உடற்கூற்றைத் தமிழிற் கூறுதல் இயலுமோ என்று ஐயுறுவார்க்கு ஒன்று நினைவூட்டுவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் புரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தம் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியங் கற்பித்து, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களையும் தமிழில் வெளிவரச் செய்தார். அவர் காட்டிய வழியே யாமும் இயன்றவரை எளிய தமிழிற் கூறுவோம்.

நிற்கும் ஒருவர் தம் முழங்காலை மார்பை நோக்கி உயர்த்தும்போது இடுப்பு மூட்டு மடிகின்றது. அவ்வாறு மடக்குந் தசைகளையே இடுப்பு மடக்கித் தசைகள் என்கின்றோம். இவற்றுள் வலிமை மிக்கது இடுப்பின் உள்ளே ஆழத்தில் மறைந்து கிடப்பது. அதன் ஒரு பகுதி நாரிப்புறத்து முள்ளந்தண்டென்புகளின் பக்கங்களிலிருந்து தோன்றிக் கீழிறங்குகின்றது. மற்றைப் பகுதி இடுப்பென்பின் உட்குழிவிலிருந்து விசிறிபோற் குவிந்து வருகின்றது. இவ்விரண்டும் ஒன்றாய்த் திரண்டு, இடுப்பு மூட்டின் முன்னே சென்று, தொடையென்பின் உட்புறத்துச் சிறு முண்டிற் பொருந்துகின்றன. முதுகையும் காலையும் நேரே பிணைக்கும் தசை இதுவாதலின், இதில் நேர்ந்த குற்றம் சிலவேளை நாரி நோவாகவும் தோன்றும். இத்தசைக்கும் மூட்டுக்கும் இடையே உராய்வைத் தடுக்கும் வழுவழுப்பான நீர் கொண்ட ஒரு பை உண்டு. உடலிலுள்ள இத்தகைய பைகளுள் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

இரண்டாவது, தொடையின் முன்புறத்தில் நேராக ஓடும் தசை. இது இடுப்பென்பின் முன்முனையொன்றிலிருந்து தொடங்கி முழங்காற்சில்லு வரை செல்கின்றது. இடுப்பை மடக்குதலும் முழங்காலை நீட்டுதலும் ஆகிய இரு வினைகளையும் இஃதொன்றே செய்கின்றது. பந்தை உதைத்தல் என்பது இவ்விரு வினைகளும் ஒரு கணத்தில் ஒன்றுசேர்வதேயாம். கால் பின்னே வளைந்து செல்லும்போது நீண்டு இழுபட்டிருக்கும் இத்தசை, மறுகணம் முழுவலியுடன் சுருங்குகின்றது. உதைபந்தாட்ட வீரருக்கு இத்தசையே அடிக்கடி கிழிவதன் காரணம் இது.

மூன்றாவது, உடலின் மிக நீண்ட தசை. இடுப்பின் வெளிமுனையிலிருந்து தொடையைக் குறுக்கே கடந்து முழங்காலின் உட்புறத்தை அடையும் இதற்கு, மேலைநாட்டார் இலத்தீன் மொழியில் ‘தையற்காரன்’ என்ற பொருள்பட ஒரு பெயர் வைத்தனர். அந்நாட்டுத் தையற்காரர் சப்பாணி கொட்டி இருந்து தைத்தமையால் அப்பெயர் வந்தது என்பர். எம்மூரிற் சப்பாணி கொட்டி இருப்போர் தையற்காரர் மட்டுமோ? பனையோலைப் பாய் இழைக்கும் பெண்டிர், வலை பொத்தும் மீனவர், பந்தியில் அமர்ந்து உண்போர் அனைவருக்கும் இத்தசை உழைக்கின்றது. இவற்றோடு தொடையின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் துணைநிற்கும் சிறு தசைகளும் உள. இவை ஒவ்வொன்றையும் விரித்தல் வேண்டாவென விடுகின்றோம்.

எம் கரையோரத் தொழில்கள்

இத்தசைகளுக்கு இவ்வளவு வேலை கொடுக்கும் நிலம் வேறு உண்டோ என ஐயுறத்தக்கது எமது மன்னார்க் கரை. சோளகம் வீசுங் காலத்தில் தென்கடல் கொந்தளிக்க வடகடலிலும், வாடைக்காற்று வீசுங் காலத்தில் வடகடல் கலங்கத் தென்கடலிலும் எம்மவர் தொழில் செய்வர். வடகடல் ஆழங் குறைந்தது. முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடந்து தோணியை அடைதலும், நண்டு வலையையும் மீனையும் சுமந்து அவ்வாறே கரைக்கு மீளுதலும் நாடோறும் நிகழ்வன. தரையில் நடக்குங்கால் தொடையைத் தூக்குதல் சிறு செயல். முழங்காலளவு நீரிலோ ஒவ்வோரடிக்கும் நீரின் எதிர்ப்பை வென்று காலை உயர்த்துதல் வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று படகின் விளிம்பைத் தாண்டி ஏறுவதற்கு முழங்காலை மார்பளவுக்கு உயர்த்தவேண்டியுள்ளது. தலைமன்னார்ப் பக்கத்து மணற்றிடலில் நடப்பதும் இத்தகையதே. அடிவைக்குந்தோறும் கால் புதைகின்றது. புதைந்த காலை மேலே வாங்குவது மடக்கித் தசையே.

பனையேறுந் தொழிலாளரை நோக்குவோம். தளைநாரிற் பாதங்களைக் கோத்து, கைகளால் மரத்தைத் தழுவி, இரு முழங்கால்களையும் ஒருங்கே மேலே வாங்கி, பின்னர் உடலை நிமிர்த்தி ஏறுவர். ஒரு நாளிற் பல மரங்கள் ஏறியிறங்குவோருக்கு இவ்வினை நூற்றுக்கணக்கான முறை நிகழ்கின்றது. கரைவலை இழுப்போர் பின்னே சாய்ந்து காலையூன்றி இழுக்கின்றனர். கட்டுக்கரைக்குளத்து நீர்பாயும் முருங்கன், நானாட்டான் வயல்களில் சேற்றிற் புதைந்த காலை வாங்கி வாங்கி நடந்து களைபிடுங்குவோரும் இவ்வரிசையிற் சேர்வர்.

மற்றொரு சாரார் நேர்மாறானவர். அலுவலகத்தில் நாள் முழுதும் கதிரையில் இருப்போர், முச்சக்கர வண்டி ஓட்டுவோர், இராப் பஸ்வண்டியிற் கொழும்புக்குப் போய் வருவோர் ஆகியோரின் இடுப்பு மணிக்கணக்காக மடிந்தபடியே கிடக்கின்றது. நீண்டநேரம் இருந்து எழும்போது முன்தொடை விறைத்திருப்பதை இவர்கள் உணர்வர். ஆயினும் இருத்தல் ஒன்றே நோவை உண்டாக்கும் என்று கூறிவிடுதல் பொருந்தாது. வாரம் முழுதும் கதிரையிலிருந்த தசையை ஞாயிறன்று பழைய மாணவர் உதைபந்தாட்டத்தில் திடீரென இழுத்தடிப்பதே கேடு விளைப்பது. பழக்கமற்ற தசைக்குத் திடீரெனப் பெருவேலை கொடுத்தலே இந்நோவின் தலையாய காரணம் என்பதை நினைவிற் கொள்க.

நோவின் காரணங்கள்

இடுப்பின் முன்புற நோவு அனைத்தும் ஒன்றல்ல. 2014இல் கத்தார் நாட்டுத் தோகா நகரில் கூடிய பல நாட்டு வல்லுநர், விளையாட்டு வீரரின் தொடைச்சந்து நோவைப் பலவகையாக வகுத்தனர். தொடையை உள்ளே இழுக்கும் தசைகளைச் சார்ந்தது, மடக்கித் தசையைச் சார்ந்தது, அடிவயிற்றின் கீழ்ப்புறச் சந்தைச் சார்ந்தது, முன்னிடுப்பென்புப் பொருத்தைச் சார்ந்தது என்பன அவற்றுள் நான்கு. இவை தவிர இடுப்பு மூட்டிலிருந்தே எழுவதும், பிற உறுப்புகளிலிருந்து எழுவதும் உள. ஆகவே நோவுள்ள இடம் ஒன்றாயினும் அதன் வேர் வேறாயிருக்கலாம்.

தசையின் கிழிவு முதலாவது. சில இழைகள் மட்டும் கிழிவது முதற்படி. நோவு இருக்கும், ஆயின் நடக்க முடியும். இவ்வகை பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்திற் குணமாகும். பல இழைகள் கிழிவது இரண்டாம்படி. நடை நொண்டும், காலை உயர்த்துதல் கடினம். 4 முதல் 8 வாரம் செல்லும். தசை முற்றாக அறுந்துபோவது மூன்றாம்படி, இது அரிது, மூன்று மாதமோ மேலுமோ ஆகலாம்.

இரண்டாவது, படிப்படியாக வளரும் தசைநாண் நோவு. ஒரு குறித்த கணத்தில் தோன்றாது, வேலை கூடக் கூடச் சிறிது சிறிதாகப் பெருகும். காலையில் விறைப்பு, சிறிது நடந்தபின் தணிவு, வேலை முடிந்தபின் மீண்டும் நோவு என்பது இதன் போக்கு. முற்கூறிய நீர்ப்பையின் அழற்சியும் இதனோடு சேர்ந்து வரலாம். நடனம் பயிலும் மாணவியர் சிலருக்குக் காலை உயர்த்தி இறக்கும்போது இடுப்பில் ‘டக்’ என்ற ஒலி எழும். தசைநாண் என்பின்மேல் வழுக்குவதாலேயே பெரும்பாலும் அவ்வொலி எழுகின்றது. நோவின்றி ஒலி மட்டும் கேட்குமாயின் அஞ்சவேண்டியதில்லை.

மூன்றாவது, வளரும் பிள்ளைகளுக்குரியது. இதனைப் பாடசாலை ஆசிரியரும் பெற்றோரும் கருத்தூன்றி வாசித்தல் வேண்டும். ஏறக்குறைய 14 முதல் 17 வயது வரையுள்ள இளைஞரின் இடுப்பென்பில், தசைகள் பற்றியிருக்கும் முனைகள் இன்னும் குருத்தென்பாலேயே பிணைக்கப்பட்டிருக்கும். தசை பலத்திருக்க அம்முனை பலங் குறைந்திருக்குமாதலின், திடீரென உதைக்கும்போதோ ஓடத் தொடங்கும்போதோ தசை கிழியாது என்பின் துணுக்கே பெயர்ந்துவிடலாம். எமக்கு நேர்ந்தது இதுவே. அதனை ஊடுகதிர்ப் படமே காட்டும். பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. சில வாரம் ஊன்றுகோலின் துணையுடன் காலுக்கு ஓய்வு கொடுத்தாற் போதும். துணுக்கு வெகுதூரம் விலகியிருந்தால் மாத்திரம் சத்திரசிகிச்சையைப்பற்றி வைத்தியர் ஆலோசிப்பர்.

நான்காவது, மூட்டின் குற்றங்கள். முதுமையில் மூட்டுத் தேய்வும், இளமையில் மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பு கிழிதலும், தொடையென்புத் தலையின் இரத்தவோட்டம் குன்றுதலும் ஆகிய யாவும் தொடைச்சந்திலேயே நோவாய்த் தோன்றும். மதுபானத்தை மிகுதியாகக் கொள்வோருக்கும், ஸ்ரெரொயிட் மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் இறுதியிற் கூறியது வரக்கூடும்.

அபாய அறிகுறிகள்

இவ்விடத்தில் யாம் செய்த ஒரு பிழையைக் கூறாது விடின், இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. தொழிலிற் புகுந்த புதிதில் நாற்பது வயதளவான ஒரு மீனவர் எம்மிடம் வந்தார். வலத் தொடைச்சந்தில் நோவு. காலை நேரே நீட்டிப் படுக்க இயலவில்லை. படகில் ஏறியிறங்கும் தொழிலாதலால் மடக்கித் தசை இறுகிவிட்டதென்று யாமே முடிவு செய்து, தசையை நீட்டும் பயிற்சிகளைக் கற்பித்து அனுப்பினோம். மாலைதோறும் காய்ச்சல் உண்டோ, உடல் மெலிந்ததோ, நாரியில் நோவு உண்டோ என்று வினவினோமல்லோம். சில வாரங்கழித்து அவர் தொடைச்சந்தில் ஒரு வீக்கத்துடன் மீண்டும் வந்தார். அவருக்கிருந்தது முள்ளந்தண்டுக் காசநோய் என்பது வைத்தியரின் பரிசோதனையில் வெளிப்பட்டது. முள்ளந்தண்டில் உண்டான சீழ், தசையின் உறையினூடே கீழிறங்கித் தொடையின் மேற்புறத்தே திரண்டிருந்தது. முள்ளந்தண்டுக் காசநோயை 1779இலேயே இலண்டன் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொற் விரித்து எழுதிவைத்துள்ளார். யாமும் அதனைப் படித்தே இருந்தோம். எனினும் எதிரே இருந்த மனிதரை முழுமையாக நோக்காது, அவர் தொழிலை மட்டும் நோக்கிவிட்டோம். நற்பேறாக மருந்தைப் பல மாதங்கள் தவறாது உட்கொண்டு அவர் குணமடைந்து கடலுக்கும் மீண்டார். எம்மை அவர் நொந்துகொள்ளவில்லை. ஆயினும் அதன்பின் தொடைச்சந்து நோவுடன் வரும் எவரிடமும் அம்மூன்று வினாக்களையும் வினவாது யாம் விட்டதில்லை.

ஆதலின் கீழ்க்காணும் குறிகளுள் ஒன்று இருப்பினும் எண்ணெயையும் பயிற்சியையும் நம்பியிராது வைத்தியரை அடைதல் வேண்டும். நோவுடன் காய்ச்சல், இரவில் வியர்த்தல், உடல் மெலிதல். ஓய்விலும் உறக்கத்திலும் தணியாத நோவு. தொடைச்சந்தில் வீக்கம் அல்லது கட்டி. காலிற் பலவீனமோ மரத்தலோ. விழுந்தபின் காலையூன்ற இயலாமை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்குத் திடீரெனத் தோன்றும் நோவு. இருமும்போது தொடைச்சந்து புடைக்குமாயின் அது குடலிறக்கமாக இருக்கலாம். வாந்தியும் கடும்வேதனையும் சேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலை செல்லவேண்டும். வலப்பக்கத்து அடிவயிற்று நோவுடன் காலை நீட்டுதலும் வேதனையாயின் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். பக்கவாட்டில் தோன்றித் தொடைச்சந்துக்கு இறங்கும் நோவு சிறுநீரகக் கல்லினாலும் வரும்.

பிள்ளைகளைப்பற்றி ஒன்று தனியே கூறவேண்டும். நொண்டும் பிள்ளை முழங்காலைத் தொட்டுக்காட்டி அங்கே நோகின்றது என்று அழலாம். முழங்காலைப் பார்த்தால் குற்றம் யாதும் இராது. இடுப்பு மூட்டின் நோவு முழங்காலில் உணரப்படுதல் உண்டு. 10 முதல் 16 வயது வரையுள்ள, சிறப்பாக உடல் பருத்த, பிள்ளைகளுக்குத் தொடையென்பின் தலை தன் இடத்தினின்று வழுவும் ஒரு நோயும், அதனினும் இளைய பிள்ளைகளுக்கு அத்தலை இரத்தவோட்டம் இன்றி நலியும் ஒரு நோயும் இவ்வாறே தோன்றும். காலங் கடத்தினால் மூட்டு வாழ்நாள் முழுதும் கெட்டுவிடும். நொண்டும் பிள்ளைக்கு இடுப்பையும் பரிசோதித்தல் வேண்டும் என்பது மறவாது கொள்ளத்தக்கது.

எளிய ஒரு பரிசோதனை

மடக்கித் தசை இறுகியுள்ளதோ என அறிய ஓர் எளிய முறை உண்டு. மேசையிலோ கட்டிலிலோ மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொள்ளவேண்டும். மற்றைக் கால் கட்டிலோடு படிந்து கிடந்தால் நன்று. அக்கால் தானே மேலெழுமாயின் அப்பக்கத்து இடுப்பு முழுதும் நீளவில்லை என்பது பொருள். இம்முறையை வகுத்தவர் ஹியூ ஓவன் தோமஸ் என்பவர். 1834இற் பிறந்து 1891இல் மறைந்த இவர், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் புரிந்தவர். வேல்ஸ் நாட்டு அங்கிள்சித் தீவில் தலைமுறை தலைமுறையாக முறிவு வைத்தியம் செய்த குடும்பத்தில் வந்தவர். கப்பல் உடைந்து அத்தீவிற் கரையொதுங்கிய ஒரு சிறுவனே அக்குடும்பத்தின் முதல் வைத்தியனாயினான் என்பது வரலாறு. எமது தேசத்து முறிவு நெறிவு வைத்தியரின் கைப்பழக்கமும் இத்தகைய பரம்பரை அறிவே. பரம்பரை அறிவும் கல்லூரி அறிவும் ஒருவரிடத்து இணையின் நன்மை பெரிது என்பதற்குத் தோமஸ் ஒரு சான்றாவார்.

பரிகாரம்

தசை கிழிந்த முதல் இரண்டு மூன்று நாட்களிற் செய்யத்தக்கன சில, தகாதன சில. விளையாட்டையும் தொழிலையும் உடனே நிறுத்தவேண்டும். பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வரை, நாளுக்குச் சில முறை நோவுள்ள இடத்தில் வைக்கலாம். மீன் ஏற்றும் எம் ஊர்களிற் பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை. தோலின்மேல் நேரே வைத்தலாகாது. சூடான எண்ணெய் இட்டு அழுத்தித் தேய்த்தல், ஒத்தடம், மதுபானம், வலிந்து இழுத்து நீட்டுதல் ஆகியன இந்நாட்களில் ஆகா. அவை உள்ளே இரத்தக் கசிவைப் பெருக்கும். எண்ணெய் தேய்த்தல் எமது மரபில் நல்ல பழக்கமே. ஆயின் அதற்கும் காலம் உண்டு.

நோவு தணிய வளர்ந்தோர் பனடோல் முதலிய பரசிற்றமோல் வில்லைகளை உட்கொள்ளலாம். 500 மில்லிகிராம் வில்லையாயின் 24 மணி நேரத்தில் 8இற்கு மேற்படலாகாது. ஈரல் நோயுள்ளோரும் மது அருந்துவோரும் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளவேண்டும். அழற்சியைத் தணிக்கும் பிற வில்லைகளை, வயிற்றுப் புண், சிறுநீரக நோய் உடையோரும், காய்ச்சல் உள்ளோரும் தாமாக வாங்கி உண்ணலாகாது. டெங்குக் காய்ச்சலில் அவை உயிருக்கே ஊறு செய்யும்.

முற்றாகப் படுத்திருத்தலும் நன்றன்று. நோவு பொறுக்குமளவில் நடக்கவேண்டும். சில நாட்களுக்குப்பின் பயிற்சியைத் தொடங்கவேண்டும். தசை இறுகிவிட்டது, ஆகவே இழுத்து நீட்டினாற் போதும் என்று பலர் கருதுவர். பெரும்பாலும் அத்தசைக்கு வேண்டுவது நீட்சியினும் வலிமையே. நோவைப் பத்தளவாக வகுத்தால் மூன்றளவு வரை பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்யலாம். மறுநாட் காலையில் நோவு முன்னையிலும் கூடியிருந்தால் பயிற்சி மிகுந்துவிட்டது எனக் கொண்டு ஒருபடி குறைக்கவேண்டும்.

முதலாவது, கதிரையில் நிமிர்ந்திருந்து, முழங்காலின்மேற் கையை வைத்து அழுத்திக்கொண்டு, அவ்வழுத்தத்துக்கு எதிராகத் தொடையை மேலே தூக்க முயலவேண்டும், கால் அசையலாகாது. பத்து வினாடி நிறுத்தி, ஐந்து முறை செய்க. இரண்டாவது, மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை நிலத்தில் ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்தி இறக்குதல். பத்து முறையாக மூன்று தடவை. யோகநூலார் சேதுபந்தாசனம் என்பது இதனையே. சேதுவின் தலைவாயிலில் வாழும் எம்மவருக்கு இதன் பெயரை விளக்கவேண்டியதில்லை. இது பிட்டத்துத் தசைகளை வலுப்படுத்துகின்றது. அவை வலுக்குன்றியிருந்தால் மடக்கித் தசை தன் கடமைக்கு மேலும் உழைக்க நேரும். மூன்றாவது, அவ்வாறே படுத்து, நாரியை நிலத்தோடு பதித்துக்கொண்டு, கால்களை மாறி மாறித் தொண்ணூறு பாகை வரை உயர்த்துதல்.

இவை எளிதானபின், பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை நீளவாட்டில் வெட்டி வளையமாக்கி, இரு பாதங்களிலும் மாட்டி, சுவரைப் பிடித்து நின்று, ஒரு முழங்காலை மெதுவாக உயர்த்தி, அதனினும் மெதுவாக இறக்கவேண்டும். இறக்கும்போது தசை நீண்டுகொண்டே உழைப்பதால் அதன் வலிமை நன்கு வளர்கின்றது. நீட்டும் பயிற்சிக்கு, ஒரு முழங்காலை நிலத்திலூன்றி மற்றைப் பாதத்தை முன்னே வைத்து, நாரியை வளையவிடாது இடுப்பை முன்னே தள்ளி 30 வினாடி நிற்றல் போதும். கடலை அண்டி வாழ்வோர் இறுதிப் படியாக முழங்காலளவு நீரில் நடந்து பழகலாம். நோவு தந்த கடலே பயிற்சிக்களமும் ஆகின்றது.

மீண்டும் விளையாடுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நொண்டாது நடத்தல், படியேறல், மெல்லோட்டம், விரைவோட்டம், திசைமாறி ஓடுதல், பந்தை மெதுவாகத் தட்டுதல், நெடுந்தூரம் உதைத்தல், அணியோடு முழுப் பயிற்சி, அதன்பின் போட்டி என ஒவ்வொன்றாகச் செல்லவேண்டும். ஒருபடியில் நோவு எழுந்தால் அதற்கு முந்திய படிக்கு மீளுதல் வேண்டும். உதைத்தல் எப்போதும் இறுதியிலேயே வரவேண்டும். நாட்காட்டியைப் பார்த்து விளையாட இறங்குவோர் மீண்டும் காயமுறுவர். படிகளைப் பார்த்து இறங்குவோர் நிலைத்து விளையாடுவர்.

ஆறு வாரம் ஒழுங்காக முயன்றும் குணமில்லையெனில் மேலும் பரிசோதனை தேவை. ஊடுகதிர்ப் படம், ஒலியலைப் படம், காந்த அலைப் படம் என்பவற்றுள் வேண்டியதை வைத்தியர் தெரிந்துகொள்வர். நீர்ப்பையின் அழற்சிக்கு ஊசிமருந்து சிலருக்குப் பயன்படும். சத்திரசிகிச்சை மிகச் சிலருக்கே வேண்டும். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை முதலான அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசமாதலின், பணமின்மை காரணமாக எவரும் நோவை அடக்கியிருக்க வேண்டியதில்லை.

வருமுன் காத்தல்

உதைபந்தாட்டம் மன்னாரின் உயிர்மூச்சு என்பதை யாம் கூறவேண்டியதில்லை. சர்வதேச உதைபந்தாட்டச் சங்கமாகிய பீபா, ‘பதினொன்றும் மேலும்’ என்ற பொருள்படும் பெயரால் ஓர் ஆயத்தப் பயிற்சித் திட்டத்தை வகுத்துள்ளது. ஓடுதல், வலுவூட்டல், சமநிலை பேணல், பாய்தல் என்பவை அடங்கிய 15 பயிற்சிகள், ஏறக்குறைய 20 நிமிடத்தில் முடிவன, கருவிகள் வேண்டியதில்லை. நோர்வே நாட்டு இளம்பெண் வீரரிடையே நடாத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இதனைச் செய்த அணிகளிற் காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தமை காணப்பட்டது. எமது ஊர் மைதானங்களில் மாணவர் பந்தைக் கண்டதும் கோலை நோக்கி உதைக்கத் தொடங்குகின்றனர். அவ்வொரு வழக்கத்தை மாற்றினாலே பல காயங்கள் நீங்கும்.

தொழிலாளருக்கும் வழிகள் உள. கடற்றொழில் இடம் மாறி மீண்டும் தொடங்கும் முதல் வாரத்தில் வேலையைப் படிப்படியாகக் கூட்டுதல், படகில் எப்போதும் ஒரே காலால் ஏறாது இரு கால்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல், இயன்றால் படகின் புறத்தே மிதிகயிறு ஒன்று கட்டிக்கொள்ளுதல் ஆகியன நன்மை தரும். வலை பொத்துவோரும் பாய் இழைப்போரும் அரைமணிக்கொருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னே சிறிது வளைந்து நிமிரவேண்டும். பயணஞ் செய்வோருக்கும் இதுவே விதி. போரினால் 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015இல் மீண்டும் துறைவரை ஓடத் தொடங்கியபோது, வண்டியில் எழுந்து உலாவிச் செல்லலாம் என்று மகிழ்ந்த முதியோருள் யாமும் ஒருவரானோம்.

முடிவாக மூவருக்கு மூன்று வார்த்தை கூறுவோம். மாணவரே, நோவை மறைத்தல் வீரமன்று. ஒரு போட்டியை இழந்தவன் அடுத்த ஆண்டு விளையாடுவான். காலை இழந்தவனுக்கு அடுத்த ஆண்டு இல்லை. ஆசிரியப் பெருமக்களே, நோகின்றது என்று கூறும் மாணவனைச் சோம்பேறி என்னாது, அவன் நடையை ஒருமுறை நோக்குங்கள். உண்மை கூறுபவனுக்கு அணியில் இடம் போய்விடாது என்ற நம்பிக்கையைக் கொடுங்கள். பழைய மாணவரே, வெற்றிக் கேடயங்களை வழங்கும் உங்கள் கைகள், மைதானத்துக்கு ஒரு பனிக்கட்டிப் பெட்டியையும், இரண்டு சோடி ஊன்றுகோலையும், முதலுதவி கற்ற ஒருவரையும் வழங்குமாயின் அதனினுஞ் சிறந்த விழாக் கொடை பிறிதில்லை. அன்று அம்மைதானத்தில் நொண்டி வெளியேறிய ஒரு சிறுவன், இன்று முதியவனாய் நின்று வேண்டுவது இதுவே.